நியூ ஜெர்சியில் ஆளுநர் வேட்பாளருக்கு வீடுவீடாகப் பிரசாரம்: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் மாநில ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், வேலையளவில் நம்ம ஊர் முதலமைச்சருக்குச் சமம். அந்தப் பதவிக்குப் போட்டியிடும் ஒருவருக்காக, பெரிய பணமோ கட்சித் தலைமையின் ஆசியோ இல்லாமல், தன்னார்வலர்களை மட்டும் நம்பி ஒரு ஊரிலோ கவுண்டியிலோ (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது. நியூ ஜெர்சி விதிகளை வைத்தே எழுதியிருக்கிறேன். தேதிகளும் தொகைகளும் 2025 தேர்தலுக்கு உரியவை. 2029-ல் எண்கள் மாறலாம், வேலை நடக்கும் வரிசை பெரிதாக மாறாது.

புதிதாக வருகிறவர்கள் டி-சர்ட், பதாகை, இன்ஸ்டாகிராம் கணக்கு ஆகியவற்றில் தொடங்கி, வாக்காளர் பட்டியலைக் கடைசி மாதத்தில்தான் திறக்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எழுதுங்கள்

ஒரு பெரிய தாளை எடுத்து, தேர்தல் நாளை அடியில் எழுதி மேல்நோக்கி வாருங்கள். 2025-ல் முதல்நிலைத் தேர்தல், அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், ஜூன் 10. அதற்கு முன் ஜூன் 3 முதல் 8 வரை நேரில் முன்கூட்டியே வாக்களிக்கலாம். வாக்காளராகப் பதிவு செய்ய 21 நாள் முன்பு, அதாவது மே 20, கடைசி. ஒரு கட்சியிலிருந்து இன்னொரு கட்சிக்கு மாற 55 நாள் முன்பு, ஏப்ரல் 16. வேட்புமனு மார்ச் 24. பொதுத்தேர்தல் நவம்பர் 4, அதற்கான முன்வாக்குப்பதிவு அக்டோபர் 25 முதல் நவம்பர் 2 வரை.

இதில் அதிகம் தவறுவது அந்த ஏப்ரல் தேதிதான். எதிர்க்கட்சியில் பதிவாகியிருக்கும் நண்பர், "உங்க ஆளுக்கே போடறேன்" என்று மே மாதத்தில் சொன்னால் முதல்நிலைத் தேர்தலில் அதற்குப் பயனில்லை, நவம்பரில்தான் அவர் உதவ முடியும். ஆனால் எந்தக் கட்சியும் சாராதவராகப் பதிவானவர் வாக்குச்சாவடிக்குப் போய் அன்றைக்கே கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். இந்த மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். "நான் எந்தக் கட்சியும் இல்லை, எனக்கு ஜூனில் வாக்கு இல்லை" என்று அவர்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் அதைத் திருத்துவது ஒரு நிமிட வேலை.

வேட்பாளருக்கு வயது 30, அமெரிக்கக் குடியுரிமை 20 ஆண்டு, நியூ ஜெர்சியில் குடியிருப்பு 7 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அவர் சொல்லிவிட்டார் என்று விடாமல், நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. யார் எந்த வேலையைச் செய்யலாம்

நம் மக்கள் அதிகம் உள்ள எடிசன், பிளெய்ன்ஸ்பரோ, சவுத் பிரன்ஸ்விக் பக்கம் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஒரே வீட்டில் குடியுரிமை பெற்ற அப்பா, கிரீன் கார்டு வைத்திருக்கும் அம்மா, எச்-1பி விசாவில் வந்த மருமகன் என்று மூன்று நிலையில் ஆட்கள் இருப்பார்கள்.

வாக்களிப்பது குடிமக்கள் மட்டும். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. கூட்டாட்சிச் சட்டத்தின் இந்தத் தடை மாநிலத் தேர்தல்களுக்கும் பொருந்தும். சம்பளம் வாங்காமல் துண்டறிக்கை மடிப்பது, கதவு தட்டுவது போன்ற வேலைகளை அவர்கள் செய்யலாம். பணத்தை எதில் செலவிடுவது, பிரசாரத்தை எப்படி நடத்துவது போன்ற முடிவுகளில் அவர்களுக்குப் பங்கு இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, உற்சாகத்தில் நீட்டும் வாக்காளர் பதிவுப் படிவம். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்திட்டால் பின்னாளில் கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் சிக்கல் வரும், நாடு கடத்தப்படவும் கூடும். அதனால் படிவத்தை வெளியே எடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" சங்கடமாக இருக்கும், இருக்கட்டும்.

3. உங்கள் ஊரின் பங்கு எத்தனை வாக்கு

2021 பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பில் மர்ஃபி, குடியரசுக் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லியை வென்றது சுமார் 84,000 வாக்குகளில். மாநிலத்தில் 564 நகராட்சிகள். வகுத்துப் பாருங்கள், ஊருக்கு 150 வாக்கு வருகிறது. "ஒரு மாநிலத் தேர்தலில் நம் தெரு என்ன செய்துவிடும்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும். முதல்நிலைத் தேர்தலில் வாக்குகள் இன்னும் சிதறும். 2025-ல் ஜனநாயகக் கட்சியில் ஆறு பேர் போட்டியிட்டார்கள், மிக்கி ஷெரில் சுமார் 34 சதவீதத்தில் ஜெயித்தார்.

ஆகவே இலக்கை உங்கள் ஊரளவில் வையுங்கள். தன்னார்வலர்களால் மட்டும் கூடுதலாகக் கொண்டுவர வேண்டியது 300 வாக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆதரவு என்று சொன்னவர்களில் கால்வாசிப் பேர் அன்றைக்கு வர மாட்டார்கள். அப்படியானால் 400 உறுதியான ஆதரவாளர் தேவை. பேசுகிறவர்களில் மூன்றில் ஒருவர் சம்மதித்தால் 1,200 பேரிடம் பேச வேண்டும். நான்கு கதவுக்கு ஒன்று திறந்தால் 4,800 கதவு. தனி வீடுகள் உள்ள தெருவில் மணிக்கு 16 கதவு என்றால் 300 மணி நேரம், மூன்று மணி நேர முறைகளாகப் பிரித்தால் 100 முறை.

பத்து வாரம் இருக்கிறது என்றால் வாரத்துக்குப் பத்து முறை, அதாவது சனி ஐந்து பேர், ஞாயிறு ஐந்து பேர். இது நடக்கக்கூடிய எண். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் வாரத்துக்கு முப்பதுக்கும் மேல், அது நடக்காது. தள்ளிப்போடுவதன் விலை இந்தக் கணக்கில்தான் தெரிகிறது. இதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

4. வேட்புமனுக் கையெழுத்து: முதல் பரீட்சை

2025 முதல்நிலைத் தேர்தலில் ஆளுநர் வேட்பாளருக்குத் தேவைப்பட்டவை 2,500 கையெழுத்து. அதற்கு முன்பு 1,000 இருந்தது. மனு போவது டிரெண்டனில் உள்ள மாநிலத் தேர்தல் பிரிவுக்கு. உங்கள் ஊருக்கு நூறு, நூற்றைம்பது என்று பங்கு வரும்.

கையெழுத்து எண்ணிக்கையை நிரப்புவதோடு இந்த வேலைக்கு இன்னொரு பயனும் உண்டு. யார் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் படிவத்தை ஒழுங்காக நிரப்புகிறார், யார் வாட்ஸ்அப்பில் மட்டும் கட்டைவிரல் தூக்குகிறார் என்பது இங்கேதான் தெரியவரும். பின்னால் வார்டுப் பொறுப்பாளர்களை இந்தக் கூட்டத்திலிருந்துதான் எடுக்கப்போகிறீர்கள்.

தேவையைப் போல ஒன்றரை மடங்காவது வாங்குங்கள். எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியாகப் பார்த்து ஆட்சேபம் எழுப்பலாம். கையெழுத்து செல்லாமல் போகும் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. பதிவுசெய்த வாக்காளராக இல்லாதவர் போட்டிருப்பார். எதிர்க்கட்சியில் பதிவானவர் போட்டிருப்பார். அதே பதவிக்கு இன்னொரு வேட்பாளருக்கு ஏற்கெனவே போட்டிருப்பார். வீடு மாறிய பிறகும் பழைய முகவரியிலேயே பதிவு இருக்கும். கணவர் மனைவிக்கும் சேர்த்து இரண்டு கையெழுத்தையும் தானே போட்டுவிடுவார். இந்தக் கடைசித் தவறு நம் வீடுகளில் சர்வசாதாரணம். "அவ குளிக்கிறா, நானே போட்டுடறேன்" என்று பேனாவை வாங்குவார். கொடுக்காதீர்கள். "பரவாயில்லை அண்ணா, பத்து நிமிஷத்துல திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். படிவத்தைக் கொண்டுபோனவர் உறுதிமொழியும் தர வேண்டியிருப்பதால், ஒரு போலிக் கையெழுத்து அவரைத்தான் மாட்டிவிடும்.

எங்கே நிற்பது? கடை வாசல் என்றால் கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள், அது தனியார் இடம். எடிசன், ஐஸ்லின் ஓக் ட்ரீ ரோட்டில் கூட்டம் நிறைய இருக்கும், ஆனால் பாதிப் பேர் வேறு ஊர், சிலர் வேறு மாநிலம். வாக்காளர் பட்டியலோடு தெருவில் போனால் மெதுவாகத்தான் வரும், வருவது நிற்கும்.

5. சின்னத் தொகை நன்கொடை

நியூ ஜெர்சியில் ஆளுநர் தேர்தலுக்கு அரசு ஈட்டுநிதி உண்டு. தகுதி பெற்ற வேட்பாளர் திரட்டும் ஒரு டாலருக்கு அரசு இரண்டு டாலர் தரும். 2025-ல் தகுதி பெற 5,80,000 டாலர் திரட்டிச் செலவிட்டிருக்க வேண்டும். ஒருவர் தரக்கூடிய உச்சம் 5,800 டாலர். ஈட்டுநிதி வாங்கினால் முதல்நிலைத் தேர்தலில் மொத்தச் செலவு 87 லட்சம் டாலரைத் தாண்டக் கூடாது, விவாதங்களிலும் கலந்துகொண்டாக வேண்டும்.

உச்ச வரம்பை எழுதித் தரக்கூடிய நூறு பேர் இருந்தால் தகுதிக் கோட்டைத் தாண்டிவிடலாம். 25 டாலர்காரர்களை வைத்து அதே கோட்டைத் தொட 23,200 பேர் வேண்டும். அடிமட்டப் பிரசாரம் தடுமாறும் இடம் இதுதான். அதனால் தொடக்கத்திலிருந்தே எல்லோரிடமும் கேளுங்கள், மாதாமாதம் தரச் சொல்லிக் கேளுங்கள், காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "நீங்கள் தரும் 25, தகுதி கிடைத்தபின் 75 ஆகும்." இந்த ஒரு வரிக்கு உள்ள இழுவிசை கொள்கை அறிக்கைக்குக் கிடையாது.

பணம் வேட்பாளரின் அதிகாரபூர்வ இணையப்பக்கம் வழியாகவோ காசோலையாகவோ மட்டும் போகட்டும். வீட்டுக் கூட்டத்தில் தட்டில் விழும் ரொக்கம், "என் கணக்கில் போடுங்கள், நான் மொத்தமாகக் கட்டிவிடுகிறேன்" என்ற உதவி, இரண்டும் வேண்டாம். அடுத்தவர் பணத்தை உங்கள் பெயரில் தருவது குற்றம். தருகிறவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் ஆகிய நான்கையும் அப்போதே வாங்கிவிடுங்கள். கணக்கைக் கேட்கப்போவது மாநிலத் தேர்தல் சட்ட அமலாக்க ஆணையம். ஊர்மட்டக் குழு தனியாகப் பணம் வசூலித்துத் துண்டறிக்கை அச்சடிக்கப் புறப்பட்டால், பிரசாரத் தலைமையின் பொருளாளர் தலையில் கைவைத்து உட்காருவார். அச்சடிக்கும் எதிலும் செலவு யாருடையது என்ற வரி இருக்க வேண்டும்.

6. வார்டுக்கு ஒரு பொறுப்பாளர்

பெரிய குழுவைக் கூட்டி எல்லோரையும் எல்லா வேலைக்கும் அனுப்பாதீர்கள். ஒரு வாக்குச்சாவடிப் பகுதிக்கு ஒருவர், அவர் அந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும். காரணம் எளிது: பக்கத்துத் தெருக்காரர் கதவைத் தட்டினால் திறக்கிறார்கள்.

சில இடங்களுக்கு உள்ளூர் ஆள் இல்லாமல் நுழையவே முடியாது. மன்ரோவில் 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்புகள் நிறைய, வாசலில் காவலர் நிற்பார். ஜெர்சி சிட்டியின் உயர்ந்த கட்டடங்களிலும் அப்படித்தான். அங்கே குடியிருக்கும் ஒருவர் உங்களை விருந்தினராக அழைத்தால்தான் உண்டு. முதல்நிலைத் தேர்தலில் தவறாமல் வாக்களிக்கிறவர்கள் அந்த மூத்தவர்கள்தான் என்பதால், மன்ரோவில் ஒரு ஓய்வுபெற்ற பொறுப்பாளரைக் கண்டுபிடிப்பது பத்து கல்லூரி மாணவர்களுக்குச் சமம்.

7. பட்டியலைப் பிரிப்பது

ஜனநாயகக் கட்சிப் பக்கம் 'வேன்' என்ற வாக்காளர் தரவுத்தளமும் கைபேசிக்கு 'மினிவேன்' செயலியும் பயன்படுகின்றன. குடியரசுக் கட்சிக்கு அவர்களுக்கென்று வேறு. எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. முந்தைய முதல்நிலைத் தேர்தல்களில் வாக்களித்தவர்களை முதலில் எடுங்கள். அவர்களிடம் "வந்து போடுங்கள்" என்று கெஞ்ச வேண்டியதில்லை, யாருக்கு என்பதை மட்டும் பேசினால் போதும். இரண்டாவது சுற்றில், பொதுத்தேர்தலில் மட்டும் வாக்களிக்கிறவர்களையும் கட்சி சாராதவர்களையும் சேருங்கள்.

ஏன் தெருவில் எல்லா வீட்டையும் தட்டக் கூடாது? தட்டலாம், நேரம் இருந்தால். ஆளுநருக்கான முதல்நிலைத் தேர்தலில் பெரும்பாலானவர்கள் வாக்களிப்பதில்லை. வரிசையாகத் தட்டினால் உங்கள் சனிக்கிழமையின் பெரும்பகுதி, ஜூனில் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்களிடம் போய்விடும்.

ஒரு முறைக்கு 45 முதல் 50 கதவு என்று பகுதியை வெட்டுங்கள். வண்டியை நிறுத்தியபின் நடந்தே முடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நெடுஞ்சாலை குறுக்கே வரும்படி வெட்டப்பட்ட பகுதியைப் பாதியில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்; ரூட் 27-ன் இரு பக்கத்தையும் ஒரே ஆளுக்குத் தராதீர்கள்.

8. கதவு தட்டுதல்

இருவராகப் போங்கள், ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கதவில் இருவர் நின்றால் உள்ளே இருப்பவர் தயங்குவார், நேரமும் இரட்டிப்பாகும். மணியை அடித்துவிட்டு இரண்டடி பின்னால் நகருங்கள், கேமராவில் முகமும் அட்டையும் தெரியட்டும். இப்போதெல்லாம் பாதிப் பேச்சு கேமரா மணியோடுதான். "அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்ற குரல் வந்தால், வைக்கும்போதே பெயர் சொல்லி ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். சிலர் பதில் சொல்லிவிடுவார்கள்.

பேச்சு மூன்று பகுதி. முதலில் நீங்கள் யார், எந்தத் தெரு. அடுத்து ஒரு கேள்வி: "இந்த மாநிலத்துல உங்களுக்குப் பெரிய தலைவலி எது?" சொத்து வரி, மின்கட்டணம், ரயில் தாமதம், இந்த மூன்றில் ஒன்று வரும். சொத்து வரி வருமென்று பந்தயமே கட்டலாம். பதிலைக் கேட்ட பிறகு, வேட்பாளர் அதுபற்றிச் சொன்ன ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். புதியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்: பயிற்சியில் கற்ற ஏழு கொள்கைகளையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். கேட்பவரின் கண் சமையலறைப் பக்கம் போய்விடும். மூன்றாவது, நேரடியான கேள்வி: "ஜூன் 10 அன்று இவருக்கு வாக்களிப்பீர்களா?"

பதிலை 1 முதல் 5 வரை பதிய வேண்டும். 1 உறுதியான ஆதரவு, 2 சாய்வு, 3 முடிவெடுக்கவில்லை, 4 எதிர்ப்பக்கச் சாய்வு, 5 உறுதியான எதிர்ப்பு. நம்மவர் வீடுகளில் இந்த எண் கெட்டுப்போகும் விதமே தனி. கதவைத் திறந்ததும், "வாங்க தம்பி, உள்ள வாங்க. காபி? கண்டிப்பாப் போடறோம், நம்ம ஆளுங்க சொல்லிப் போடாம இருப்போமா" என்பார் மாமா. தன்னார்வலர் பூரித்துப்போய் 1 போடுவார். அந்த மாமா நேற்று வந்த எதிரணி ஆளிடமும் இதையே சொல்லியிருப்பார். அது உபசாரம், வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "எப்படிப் போடப்போறீங்க மாமா, தபாலா நேரிலா? சாவடி எங்கேன்னு தெரியுமா?" நாள், நேரம், இடம் சொன்னால் 1. "பார்த்துக்கலாம்பா" என்றால் 3. காபிக்கு நன்றி சொல்லி நகருங்கள். ஒரு காபி ஆறு கதவைத் தின்றுவிடும்.

பதிவைக் கதவிலிருந்து நடைபாதைக்கு வரும் வழியிலேயே போட்டுவிட வேண்டும். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பினால் எல்லோரும் 2 ஆகிவிடுவார்கள். கடைசி வாரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பது முழுக்க இந்த எண்களை நம்பித்தான் நடக்கிறது, அதனால் தாராள மனசோடு போட்ட 1-ஐவிட எரிச்சலோடு போட்ட 3 மேல்.

சட்டம் பற்றி மூன்று விஷயம். வீடுவீடாக அரசியல் பேசுவதற்கு முன்அனுமதி கேட்க ஊராட்சிக்கு அதிகாரம் இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாராவது பெர்மிட் கேட்டால் பணிவாகச் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம். விற்பனையாளர் வரக் கூடாது என்ற பலகை அரசியல் பிரசாரத்தைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடலாம், ஆனால் அந்த வீட்டை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். தபால்பெட்டிக்குள் துண்டறிக்கை போடவே கூடாது, தபால்தலை ஒட்டாத எதையும் அதில் போடுவது கூட்டாட்சிச் சட்டப்படி தவறு. கதவுக் கைப்பிடியில் செருகுங்கள்.

9. தொலைபேசி, குறுஞ்செய்தி, ரயில் நிலையம்

கதவில் கிடைக்காதவர்களுக்கு மாலை ஆறரை முதல் எட்டரைக்குள் தொலைபேசி. தெரியாத எண்ணை யாரும் எடுப்பதில்லை, அதனால் முதலில் உங்கள் தொடர்புகளில் உள்ளவர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு அவர்களைக் கூப்பிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் பகிர்வது வேலையைச் செய்துவிட்ட மாதிரித் தோன்ற வைக்கும். அந்தக் குழுவில் பாதிப் பேர் உங்கள் ஊரே இல்லை, மீதியில் எத்தனை பேருக்கு வாக்குரிமை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மெட்ரோபார்க், எடிசன் போன்ற ரயில் நிலையங்களில் காலை ஆறு முதல் எட்டரை வரை வேட்பாளரே வந்து நின்றால் பலன் உண்டு. அவர் இல்லாமல் காகிதம் மட்டும் நீட்டினால் அது அடுத்த குப்பைத்தொட்டிவரைதான் போகும்.

10. கோயில், சங்கம், தோட்டப் பலகை

கோயிலும் தமிழ்ச் சங்கமும் வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்றால், அவை வேட்பாளரை ஆதரித்துப் பேசுவதையும் அவர்களின் மின்னஞ்சல் பட்டியலைக் கேட்பதையும் தவிருங்கள். எந்தக் கட்சியும் சாராத வாக்காளர் பதிவு முகாம் நடத்தலாம். சங்கத் தலைவர் தனிமனிதராக உங்களோடு கதவு தட்டலாம்.

தோட்டப் பலகை வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவர் புல்வெளியில் மட்டும். மின்கம்பத்திலும் சாலைத் திட்டிலும் நட்டால் நகராட்சி பிடுங்கிவிடும், காசு வீண். பலகை வாக்குப் போடாது என்ற பழைய கிண்டலை நான் முழுதாக ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் நீதிபதி ஜாகித் குரைஷியின் தடையாணைக்குப் பின், கட்சி அமைப்பின் வேட்பாளர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் பழைய வாக்குச்சீட்டு போய், பதவிவாரியாகப் பெயர்களை அடுக்கும் சீட்டு வந்திருக்கிறது. வரிசையைப் பார்த்துக் குத்தியவர் இப்போது பெயரைத் தேட வேண்டும். அதனால் பெயர் கண்ணில் பட்டுப் பழகியிருப்பது முன்பைவிட முக்கியம்.

11. தபால் வாக்கு

இந்த மாநிலத்தில் யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் தபாலில் வாக்களிக்கலாம். ஒருமுறை கேட்டால் எல்லாத் தேர்தலுக்கும் சீட்டு வரும்படியும் செய்யலாம். உங்கள் 1-களில் வயதானவர்கள், இரவுப்பணிக்காரர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் இவர்களை முதலில் இதற்குத் திருப்புங்கள். சீட்டு திரும்பி வந்ததா என்பது பதிவேட்டில் தெரிந்துவிடும், வந்துவிட்டால் அவரைக் கூப்பிடும் வேலை மிச்சம்.

வாக்காளர் செய்யும் தவறுகள் இங்கே ஏராளம். உள்ளுறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழ்ப் பகுதியைக் கிழித்துவிடுவார்கள், அது ஒட்டியபடியே இருக்க வேண்டும். அதில் போடும் கையெழுத்து, பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்த வேண்டும். இருபது ஆண்டுக்கு முன் தமிழில் போட்டவர் இப்போது ஆங்கிலத்தில் போட்டால் சந்தேகம் வரும். தபால் சீட்டு வாங்கியவர் மனம் மாறி நேரில் போனால் இயந்திரத்தில் போட விட மாட்டார்கள், தற்காலிகச் சீட்டுதான் தருவார்கள். கட்சி சாராதவராகப் பதிவானவருக்கு முதல்நிலைத் தேர்தல் சீட்டு தானாக வராது, முதலில் கட்சியைத் தெரிவிக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு: "கொடுங்க ஆன்ட்டி, நானே போட்டுடறேன்" என்று பத்து வீட்டுச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு போவது. அடுத்தவர் சீட்டை ஒருவர் மூன்று வரைதான் எடுத்துச்செல்லலாம். ஒரே வீட்டில் வசிக்கும் குடும்பத்தார் என்றால் ஐந்து. எடுத்துச்செல்கிறவர் பெயரும் கையெழுத்தும் உறையில் இருக்க வேண்டும். வேட்பாளர் அந்த வேலையைச் செய்யவே கூடாது. அருகில் உள்ள கவுண்டி வாக்குப்பெட்டி எங்கே என்று முகவரி எழுதிக் கொடுத்துவிட்டு வருவதே நல்லது.

12. முன்வாக்குப்பதிவும் கடைசி நான்கு நாளும்

இங்கிருந்து யாரையும் மனம்மாற்ற முயல வேண்டாம். பட்டியலில் உள்ள 1, 2 மட்டும். முன்வாக்குப்பதிவு நாட்களில் கவுண்டிக்குள் எந்த மையத்திலும் வாக்களிக்கலாம், தேர்தல் நாளில் அவரவர் சாவடியில்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால் ஆள் தவறான இடத்தில் போய் நிற்பார்.

ஒவ்வொரு இரவும், வாக்களித்துவிட்டவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 400 பேரில் 150 பேர் முன்கூட்டியே போட்டுவிட்டால் கடைசி நாளுக்கு மீதி 250-தான். அந்த 250 பேரை பத்துத் தன்னார்வலர்களுக்கு ஆளுக்கு 25 என்று பெயரோடு பிரித்துக் கொடுங்கள்.

தேர்தல் நாளில் சாவடிகள் காலை 6 முதல் இரவு 8 வரை. நுழைவாயிலிலிருந்து 100 அடிக்குள் சட்டையில் வேட்பாளர் பெயரோடு நிற்கக் கூடாது. நம்ம ஊரில் பூத் ஏஜென்ட் என்பார்களே, இங்கே அவர்கள் 'சேலஞ்சர்'. முன்கூட்டியே நியமனம் வாங்கியவர்கள் மட்டும் உள்ளே உட்காரலாம். காலை, மதியம், மாலை ஐந்து மணி என்று மூன்று சுற்று அழைப்பு போதும். எட்டு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு, அவர்களை வீட்டுக்கு அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

13. எட்டு மணிக்குப் பிறகு

ஜெயித்தாலும் தோற்றாலும் எல்லோரும் விருந்துக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு பேரையாவது நிறுத்தி வையுங்கள். தேர்தல் நாள் அஞ்சல் முத்திரையோடு வரும் தபால் சீட்டுகள் அடுத்த ஆறு நாள் வரை ஏற்கப்படும். கையெழுத்து பொருந்தாத சீட்டுகளுக்கு வாக்காளருக்குக் கடிதம் போகும்; அவர் திருத்தப் படிவத்தை நிரப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். கடிதத்தை விளம்பரத் தபால் என்று நினைத்துத் தூக்கிப்போடுவது வழக்கம், அதனால் உங்கள் 1-களில் அப்படி யாருடையதாவது நிற்கிறதா என்று பார்த்து அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். நெருக்கமான ஊர்களில் கடைசிச் சில வாக்குகள் இந்த வழியாகத்தான் வருகின்றன. நவம்பருக்கும் இதே வேலை, இதே பட்டியல், எண்கள் மட்டும் பெரிதாகும். எனவே தரவை மூடும் முன் வீடு மாறியவர், காலமானவர், தொலைபேசி எண் தவறானவர் ஆகிய குறிப்புகளைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்; ஜூலையில் யாருக்கும் அது நினைவிருக்காது.